சென்னை மேற்குப் புறநகரில் பயிர்ப் பன்முகப்படுத்தலும் குத்தகை உழவரும்

திறவுச்சொற்கள்: பயிர்ப் பன்முகப்படுத்தல், குறு உழவர், வாய்மொழிக் குத்தகை, கீரைச் சாகுபடி, பூந்தமல்லி

முன்னுரை

ஒரே பயிரை நம்பியிருக்கும் சிறு உழவர் பல பயிர்களுக்கு மாறினால் வருவாய் உயரும், இடர் குறையும் என்பது வேளாண் பொருளியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நிலக் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர் மட்டுமே. இத்துணைச் சிறிய நிலத்தில் எதைப் பயிரிடுவது என்பதை மண்ணும் விலையும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற நகர்விளிம்புகளில், நிலம் எத்தனை காலம் உழவர் கையில் இருக்கும் என்பதே முதற் கேள்வி என இக்கட்டுரை கருதுகிறது.

நகரின் அண்மை

நகரைச் சூழ்ந்த முதல் வளையத்தில் விரைவில் கெடும் காய்கறியும் பாலும் உற்பத்தியாகும் என்று ஜெர்மானிய அறிஞர் வான் தூனன் 1826இல் விளக்கினார். கோயம்பேடு சந்தை 1996இல் திறக்கப்பட்டபின் அதன் மேற்கே அமைந்த பூந்தமல்லிச் சுற்றுப்புறத்திற்கு இக்கோட்பாடு அப்படியே பொருந்துவதாகத் தோன்றும். ஆனால், நிலம் விரைவில் மனையாகும் என்ற எதிர்பார்ப்பு எழுந்த இடத்தில் வேளாண் முதலீடு குறையும் என்று 1967இல் ராபர்ட் சின்க்ளேர் வாதிட்டார். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவானது முதல் இவ்வட்டாரம் இவ்விரு விசைகளுக்கும் இடையே நிற்கிறது.

மல்லிகையும் கீரையும்

பூந்தமல்லி பெயரிலேயே பூவைக் கொண்ட ஊர். திருக்கச்சி நம்பிகள் இங்கு நந்தவனம் அமைத்துக் காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. மல்லிகையை நட்டவர் நிறைவான மகசூலுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பின்னர்ப் பத்தாண்டுக்கு மேலும் அது பலன் தரும். முளைக்கீரையை விதைத்த 25 நாள்களில் பிடுங்கிவிடலாம். மனையாகக் காத்திருக்கும் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்தவர் இவ்விரண்டில் எதைத் தேர்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கீரை அவருக்கு உரிமையின்மையின் பயிர்.

இங்கேதான் நம் அளவுகோல்கள் பிழைபடுகின்றன. ஓர் உழவர் தம் சொந்த ஏக்கரில் பாதி நெல்லும் பாதி மல்லிகையும் பயிரிட்டால் சிம்ப்சன் குறியீடு 0.50 ஆகும். பக்கத்து ஏக்கரில் குத்தகையாளர் நான்கு வகைக் கீரைகளைச் சம அளவில் விதைத்தால் அது 0.75 ஆகும். எண்ணளவில் இரண்டாமவரே இடரைப் பரவலாக்கியவர். உண்மையிலோ நான்கு கீரைகளும் ஒரே மழையில் அழுகும். ஒரே சந்தையில், ஒரே நாளில் விலை சரியும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், வாய்மொழிக் குத்தகை ஆவணமேறுவதில்லை. பெயர் பதிவாகாதவருக்குப் பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் எளிதில் எட்டுவதுமில்லை.

நீர் யாருடையது?

பாசன ஏரியாக இருந்த செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர்த் தேக்கமாகியது. 2019 கோடையில் அதுவும் வறண்டது. ஆவடிக்கு வடமேற்கே தாமரைப்பாக்கம் வட்டாரத்தில் வேளாண் கிணற்று நீரையே சென்னைக் குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. கிணற்று உரிமையாளருக்கு இதனைக் கூட ஒருவகை வருவாய்ப் பன்முகம் எனலாம். ஆனால் களையெடுப்பவருக்கும் பூப்பறிப்பவருக்கும் அந்த விலையில் பங்கில்லை. சாகுபடி நின்ற நாளில் அவர்தம் கூலியும் நின்றது. நிலமுள்ளவரின் வருவாயை மட்டும் கணக்கிடும் ஆய்வு இவ்விழப்பைக் காண்பதில்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் கள ஆய்வு மேற்கொள்வோர் பயிர்ப் பட்டியலுடன் மூன்று வினாக்களையும் வினாநிரலில் சேர்த்தல் வேண்டும்: குத்தகை எத்தனை மாதத்திற்கு? கிணறு யாருக்குரியது? சென்ற ஆண்டு இந்நிலத்தில் கூலி பெற்றோர் எத்தனை பேர்?