செல்லப்பிராணியுடன் பயணமா? ரயில், விமானம், காரில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புதுடெல்லி: கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் புறப்படும் பல குடும்பங்களில், வீட்டில் வளரும் நாயும் பூனையும் உடன்வரும் பயணிகளாகவே கருதப்படுகின்றன. ஆனால், மனிதர்களுக்குக் கைப்பேசியில் டிக்கெட் எடுப்பதுபோல் அவற்றுக்கு எடுத்துவிட முடியாது. எந்த வகுப்பில் அழைத்துச் செல்லலாம், எந்த விமான நிறுவனம் ஏற்கும், என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை அறியாமல் கிளம்பினால், கடைசி நேரத்தில் பயணமே தடைபடலாம். அதைவிடக் கொடுமை, வழியில் வெப்பம் தாங்காமல் விலங்கு உயிரிழப்பது. இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கான வேலைகளில் பெரும்பகுதி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை.

அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா?

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். முதுமையடைந்த நாய், இதய நோய் அல்லது மூச்சுக் கோளாறு உள்ள விலங்கு, சினையாக இருப்பது, தடுப்பூசிகள் முடியாத குட்டி ஆகியவற்றுக்கு நீண்ட பயணம் ஆபத்தானது. பூனைகள் மனிதர்களிடம் மட்டுமன்றி, தாம் வாழும் இடத்திடமும் பற்றுக்கொண்டவை. இரண்டு மூன்று நாள் பயணம் என்றால், நம்பகமான உறவினரோ அண்டை வீட்டாரோ வந்து உணவிட்டுக் கவனித்துக்கொள்வது பெரும்பாலான பூனைகளுக்கு நல்லது.

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிச் சான்று எல்லாப் பயணங்களுக்கும் அடிப்படை. முதல் முறையாகத் தடுப்பூசி போடப்படும் விலங்குக்கு மறுநாளே பாதுகாப்பு கிடைத்துவிடாது. போதிய எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். எனவே, கடைசி வாரத்தில் மருத்துவரைத் தேடி ஓடுவதில் பயனில்லை. அதே சந்திப்பில் உண்ணி, குடற்புழு நீக்க மருந்துகளையும் கேட்டுப் பெறலாம்.

இதோடு, விலங்கு பயணம் செய்யத் தகுதியான உடல்நிலையில் உள்ளது என்று கால்நடை மருத்துவர் அளிக்கும் சான்றும் தேவை. இது பயண நாளுக்கு நெருக்கமாகப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும்.

பயணக் கூண்டைப் புறப்படும் நாளில் வாங்குவது பலரும் செய்யும் தவறு. சில வாரங்கள் முன்பே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டில் வைத்து, அதன் பழைய விரிப்பை உள்ளே போட்டு, அங்கேயே உணவு கொடுத்துப் பழக்க வேண்டும். விலங்கு உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருப்பதே சரியான அளவு.

ரயிலில்: முதல் வகுப்பு மட்டுமே வழி

ரயில்வே விதிகளின்படி, நாயைத் தம்முடன் வைத்துக்கொண்டு பயணம் செய்ய விரும்புவோர் ஏசி முதல் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ இரண்டு படுக்கைகள் கொண்ட கூபேயையோ, நான்கு படுக்கைகள் கொண்ட கேபினையோ முழுமையாகத் தமக்கே முன்பதிவு செய்ய வேண்டும். தனியாகப் பயணிப்பவர் கூபே வேண்டுமென்றால் இரண்டு பயணச்சீட்டுகளுக்கான தொகையைச் செலுத்த நேரிடும். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, படுக்கை வசதி, இருக்கை வசதிப் பெட்டிகளில் நாய்களுக்கு அனுமதி இல்லை. மீறி ஏற்றினால் பன்மடங்கு அபராதம் வசூலிக்கப்படும்.

முதல் வகுப்பில் டிக்கெட் உறுதியாகிவிட்டாலும் கூபே கிடைக்கும் என்று பொருளல்ல. யாருக்கு எந்த அறை என்பது பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் முடிவாகும். முன்பின் தெரியாதவர்களுடன் ஒரே கேபின் ஒதுக்கப்பட்டு, அவர்கள் ஆட்சேபித்தால், நாயைச் சரக்குப் பெட்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும். கட்டணமும் திரும்பக் கிடைக்காது. ஆகவே, நாயுடன் பயணம் செய்வதைக் குறிப்பிட்டு, கூபே ஒதுக்குமாறு ரயில்வேயின் வணிகப் பிரிவு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் கோரிக்கை அளிப்பது நல்லது.

நாய்க்கான கட்டணத்தை, ரயில் புறப்படும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். பயணச்சீட்டு, அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்று, உடல்தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல்களுடன் ரயில் புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே சென்றுவிட்டால் பதற்றம் இருக்காது.

மற்ற வகுப்புகளில் பயணிப்போருக்கு உள்ள மாற்று வழி, ரயிலின் கார்டு பயணிக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. உணவும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு. விலங்குக்கு ஏதேனும் நேர்ந்தாலும் பொறுப்பு அவருடையதே. குளிர்சாதன வசதியற்ற அந்தக் கூண்டில், இரும்புச் சக்கரங்களின் இரைச்சலுக்கு நடுவே, பழக்கமில்லாத இருளில் நாய் தனித்திருக்கும். ரயில் இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் நிலையங்களில் உரிமையாளர் ஓடிச்சென்று பார்த்துத் திரும்புவதும் எளிதல்ல. வட மாநிலங்களில் அனல்காற்று வீசும் மே, ஜூன் மாதங்களில் நீண்டதூரப் பயணத்துக்கு இவ்வழியைத் தவிர்ப்பதே நல்லது.

விமானத்தில்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் விதி

உள்நாட்டு விமானங்களில் அனைவருக்கும் பொதுவான ஒரே நடைமுறை இல்லை. ஏர் இந்தியா செல்லப்பிராணிகளை ஏற்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இச்சேவையைத் தொடங்கியது. இண்டிகோவோ, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சேவை நாய்களைத் தவிர மற்ற விலங்குகளை ஏற்பதில்லை என்ற கொள்கையைக் கொண்டது. ஏற்கும் நிறுவனங்களிலும், கூண்டோடு சேர்த்துக் குறிப்பிட்ட எடைக்குள் இருந்தால் மட்டுமே பயணிகள் பகுதியில் அனுமதி. பெரிய நாய்கள் சரக்குப் பகுதியில்தான் செல்ல வேண்டும். ஒரு விமானத்தில் ஏற்றப்படும் விலங்குகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. எனவே, டிக்கெட் எடுக்கும் முன் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு இடத்தையும் அப்போதைய எடை வரம்பையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களும் பாரசீகப் பூனைகளும் இயல்பிலேயே மூச்சுவிடச் சிரமப்படுபவை. வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் அவற்றின் உயிருக்கே ஆபத்து என்பதால், பல நிறுவனங்கள் இவற்றுக்குக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கின்றன. விலங்கு அமைதியாக இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுப்பதும் தவறு. அது இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் பாதிக்கக்கூடியது. பறக்கும் விமானத்தின் சரக்குப் பகுதியில் உதவிக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

காரில்: பத்து நிமிடமும் ஆபத்தே

வசதியானது கார் பயணம்தான். ஆனால், கவனக்குறைவால் உயிர் போவதும் காரில்தான். வெளியே 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும்போது, வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட காரின் உட்புறம் பத்தே நிமிடங்களில் 45 டிகிரியை எட்டும். அரை மணி நேரத்தில் 50 டிகிரியைக் கடந்துவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படாது. மனிதர்களைப்போல் உடல் முழுவதும் வியர்க்கும் தன்மை நாய்களுக்கு இல்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அவை உடல்சூட்டைத் தணிக்கின்றன. சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அந்த வழியும் அடைபடுகிறது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். கடுமையான மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, காற்றுப்படச் செய்தபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பனிக்கட்டியில் அமிழ்த்தக் கூடாது. நினைவு தெளிவாக இல்லாத விலங்கின் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது.

ஓடும் காரில் நாயை மடியில் வைத்திருப்பதும், சன்னலுக்கு வெளியே தலைநீட்ட விடுவதும் ஆபத்து. பின்இருக்கையில், இருக்கைப் பட்டையுடன் இணையும் மார்புப்பட்டை அணிவித்தோ, அசையாமல் கட்டப்பட்ட கூண்டிலோ அமர்த்த வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கதவைத் திறக்கும் முன்பே வாரைப் பூட்டி இறக்க வேண்டும். பூனையை வழியில் எக்காரணம் கொண்டும் கூண்டிலிருந்து வெளியே விடக் கூடாது.

உணவும் மருந்தும்

புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு குறைவான உணவு போதும்; தண்ணீரை நிறுத்தக் கூடாது. வழியோர உணவகச் சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் கலந்திருக்கும். இவை நாய், பூனைகளின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுப்பது பூனையின் உயிரையே பறிக்கும். பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால், மருத்துவரிடம் முன்பே மாத்திரை பெற்றுக்கொள்ளலாம்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு

புதிய இடத்தில் முதல் இரண்டு நாட்கள்தான் விலங்குகள் அதிகம் தொலைந்துபோகும் காலம். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண்ணை எழுதி வைப்பது, அண்மையில் எடுத்த புகைப்படத்தை வைத்திருப்பது, செல்லும் ஊரின் கால்நடை மருத்துவமனை எங்குள்ளது என்று முன்பே தெரிந்துகொள்வது ஆகிய மூன்றுக்கும் செலவு அதிகமில்லை. தாகமெடுக்கிறது, தலை சுற்றுகிறது என்று வாய்திறந்து சொல்ல முடியாத உயிர் அது. அதன் பயணம் நல்லபடியாக அமைவது, உடன் செல்பவர் எவ்வளவு முன்கூட்டியே யோசித்தார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.