உங்களுக்குத் தெரியுமா? செகண்ட் ஹேண்ட் காரின் சத்தங்களும் விளக்குகளும்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட் பளபளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மீட்டர் போர்டைப் பாருங்கள், இன்ஜினைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

● சாவியை ஆன் செய்ததும், இன்ஜின் ஓடத் தொடங்கும் முன், ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். பழுதை மறைக்க யாரோ இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

● ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, ஆயிலின் அழுத்தம் குறைந்ததைச் சொல்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தாலும், பம்ப் பழுதானால் அது எரியும். ஓடும்போது எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து இன்ஜினே சீஸ் ஆகலாம்.

● மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் அவசரம். இன்ஜின் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது. அங்குள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் அதிகமாகச் சூடேறிக் கெட்டுவிடும். மாற்ற நல்ல செலவாகும்.

● ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். ஸ்கேனரில் பி0301 என்ற பழுதுக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பொருள். காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை மெக்கானிக்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

● பழுதுக் குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிட்டு வண்டியைக் காட்டுபவர்களும் உண்டு. ஆனால், காரின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் காட்டிக் கொடுத்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும். அதனால் காரணத்தைக் கேளுங்கள்.

● இன்ஜினின் மேலே ‘டிக் டிக்’ என்று வருவது பெரும்பாலும் டேப்பட் சத்தம். டேப்பட்டை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே டேப்பட் சத்தத்தின் தாளமும் இன்ஜின் வேகத்தில் பாதிதான். அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் கூடினால், கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

● அனுபவசாலி மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் மீது வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். அடுத்து வாட்டர் பம்ப். எது கரகரக்கிறதோ அதன் பேரிங் தேய்ந்திருக்கிறது. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் செய்யும் வேலைதான். சுழலும் பெல்ட் அருகில் இருப்பதால் பழகாதவர்கள் இதை முயல வேண்டாம்.

● ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். முன் சக்கரத்தில் ‘கட கட’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

● இன்ஜின் சூடானதும் சில சத்தங்கள் அடங்கிவிடும். உலோகம் விரிந்து சைலன்சர் லீக் மூடிக்கொள்ளும். டைமிங் செயின் சலசலப்போ ஆயில் ஏறும்வரை சில நொடிகள்தான் கேட்கும். அதனால் சாவி கேட்கும் முன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், “நாளைக்குக் காலையில வர்றேண்ணே, அதுவரைக்கும் வண்டிய எடுக்காம வைங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால்தான் நடக்க வேண்டும்.