கை வேலையில், காது கதையில்



அண்மையில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன், தீர்மானம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, நூலகத்தில் இருந்து எடுத்து வந்த கதைப் புத்தகங்களை உறுப்பினர்களிடம் கொடுத்தோம். ஒரு மூத்த அக்கா புத்தகத்தை வாங்கினார். அட்டையைத் தடவிப் பார்த்தார். அப்படியே திருப்பித் தந்துவிட்டார். "எனக்கு எதுக்கும்மா இது? நான் கைநாட்டு. படிக்கத் தெரிஞ்சவளுக்குக் குடு" என்றார்.

பக்கத்தில் இருந்தவர், "எனக்கு எழுத்து தெரியும், கண்ணுதான் தெரியல. கையும் சும்மா இருக்கிறதில்ல. பீடி சுத்தறதா, புத்தகம் புரட்டறதா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு பேச்சும் எங்களை விடவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் சுமார் 73 சதவீதம். அப்படியானால் நான்கு பெண்களில் ஒருவருக்கு மேல் புத்தகம் எட்டாத பொருள். படித்த பெண்களிலும் அடுப்படி, ஆடு மாடு, காட்டு வேலை முடித்து உட்காரும்போது எத்தனை பேருக்குப் புத்தகம் எடுக்கத் தெம்பு இருக்கிறது? கையும் கண்ணும் வேலைக்குப் போய்விடுகின்றன. காது மட்டும்தான் நமக்கு மிச்சம். அந்தக் காதுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கும் ஒரு ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

கேட்பது புதிது அல்ல

திருக்குறளில் 40-வது அதிகாரம் கல்வி. 41-வது கல்லாமை. அதற்கு அடுத்தது என்ன தெரியுமா? கேள்வி. அதாவது, கேட்டு அறிவது. படிக்க முடியாமல் போனாலும் காது கொடுத்துக் கேள், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோல் மாதிரி துணை நிற்கும் என்ற கருத்தை வள்ளுவர் அங்கே சொல்கிறார்.

நம் பாட்டிமார் காலத்தில் 'பெரிய எழுத்து' புத்தகங்கள் ஊர் ஊராக விற்றன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்கு ராஜன் கதை என்று எத்தனையோ. திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவருக்குத் தெரிந்த எழுத்து ஒரு தெருவுக்கே உதவியது.

நம் ஊரில் மட்டும் அல்ல. கியூபா நாட்டின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் உண்டு. நாள் முழுக்கக் குனிந்து இலை சுருட்டும் வேலை. 1865-ல் அங்கே ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் செய்தித்தாளும் கதைப் புத்தகமும் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குக் கூலி? தொழிலாளர்களே தங்கள் சம்பளத்தில் இருந்து போட்டுக் கொடுத்தார்கள். நம்ம சந்தா மாதிரிதான். தொழிலாளர்கள் உலக விஷயம் தெரிந்துகொள்வதைப் பார்த்து அரசாங்கம் பயந்தது. 1866-லேயே தடை போட்டது. ஆனாலும் பழக்கம் அழியவில்லை, பின்னால் மறுபடி தழைத்தது. அங்கே விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் பெயர்தான் 'மாண்டி கிறிஸ்டோ' என்ற சுருட்டுக்கே வைக்கப்பட்டது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில், கண்ணூர் பகுதி பீடித் தொழிலாளர்களும் இதேபோல ஒருவரைப் படிக்க வைத்துக் கேட்டுக்கொண்டே பீடி சுற்றியவர்கள்தான்.

கண் பார்வை இல்லாதவர்களுக்கும் இந்த வழி பெரிய உதவி செய்தது. இங்கிலாந்தில் முதல் உலகப் போரில் கண் இழந்த வீரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்காகவும் மற்ற பார்வையற்றவர்களுக்காகவும் 1935-ல் 'பேசும் புத்தகம்' வந்தது. இசைத்தட்டில் கதை பேசியது.

லிப்ரிவாக்ஸ் என்றால் என்ன?

இப்போது நாம் சொல்ல வந்த ஏற்பாட்டுக்கு வருவோம். அதன் பெயர் லிப்ரிவாக்ஸ். லத்தீன் மொழியில் 'லிப்ரி' என்றால் புத்தகங்கள், 'வாக்ஸ்' என்றால் குரல். 2005 ஆகஸ்டில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஹியூ மெக்குவைர் என்பவர் இதைத் தொடங்கினார். பழைய நல்ல புத்தகங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்க வேண்டும், அதற்கு நாமே ஆளுக்கு ஒரு அத்தியாயம் படித்துப் பதிவு செய்தால் என்ன என்று இணையத்தில் கேட்டார். சிலர் கை தூக்கினார்கள். ஜோசப் கான்ராட் என்பவர் எழுதிய ஒரு ஆங்கில நாவலை முதலில் பங்கு போட்டுப் படித்தார்கள். 2016-ல் 10,000 பதிவுகளைத் தொட்டுவிட்டார்கள்.

நம் குழு எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான் இதுவும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் மொத்தமாகப் பெரிய தொகை சேருகிறது இல்லையா? அங்கே பணத்துக்குப் பதில் குரல்.

வேலைப் பங்கீடும் தெளிவாக இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். விருப்பப்பட்டவர்கள் அத்தியாயங்களை எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே கணினியில் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதை இன்னொருவர் கேட்டுச் சரி பார்க்கிறார். வரி விட்டுப்போயிருந்தால், இரைச்சல் இருந்தால் சொல்கிறார். திருத்திய பிறகுதான் வெளியே வரும். யாருக்கும் சம்பளம் கிடையாது. கேட்பவரிடமும் காசு வாங்குவது கிடையாது. பதிவுகள் எல்லாம் அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் சேமிக்கப்படுகின்றன.

படிப்பதற்கு வானொலிக் குரல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த ஊர் உச்சரிப்பும் அங்கே குறை இல்லை. அதனால் ஒரு அத்தியாயம் இனிமையாக இருக்கும், அடுத்தது கொஞ்சம் வேகமாகப் போகும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கூட்டு வேலையில் எல்லாக் கையும் ஒன்றுபோலவா இருக்கும்?

ஏன் பழைய புத்தகம் மட்டும்?

இது முக்கியமான கேள்வி. நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல எழுத்துக்கும் உரிமை உண்டு. அதைப் பதிப்புரிமை என்கிறோம். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் உயிரோடு இருக்கும் வரையிலும், காலமான பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை அவருக்கும் வாரிசுகளுக்கும் சொந்தம். அதற்குப் பிறகு ஊர்க் கிணறு மாதிரி பொதுச் சொத்து. யாரும் அச்சடிக்கலாம், யாரும் படித்துப் பதிவு செய்யலாம். நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு மாறும். லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டப்படி பொதுச் சொத்தான நூல்களை மட்டுமே எடுக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகத்துக்கு ஒரு பட்டா என்றால், அதைப் படித்துப் பதிவு செய்த குரலுக்குத் தனிப் பட்டா. மொழிபெயர்ப்புக்கும் தனிப் பட்டா. புத்தகம் பழையது என்பதற்காக யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவை நாம் நகல் எடுத்து விற்க முடியாது. லிப்ரிவாக்ஸ் தொண்டர்கள் தங்கள் குரல் பட்டாவையும் ஊருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் அவர்கள் செய்யும் பெரிய தானம்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி உண்டு. பாரதியார் 1921-ல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலி வடிவில் கொண்டுவரும் உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டு ஊருக்கே சொந்தமாக வேண்டும் என்று பலரும் குரல் கொடுத்தார்கள். மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமல் உரிமையை விட்டுக் கொடுத்தார். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் பாரதியார் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. பள்ளிக் குழந்தை முதல் மேடைப் பாடகர் வரை யாரிடமும் கேட்காமல் பாரதி பாட்டைப் பாட இப்படித்தான் வழி பிறந்தது.

தமிழில் கிடைக்குமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். லிப்ரிவாக்ஸில் ஆங்கிலம்தான் மிகுதி. தமிழ் மிகக் குறைவு. ஆகவே அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்.

ஒன்று, பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் நம் பிள்ளைகளுக்கு. ஆங்கிலம் எழுதத் தெரிகிறது, பேசினால் புரியவில்லை என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்போம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விரல் ஓட்டியபடி கேட்டால் காது பழகும். அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட் என்ற பெண்மணி எழுதி 1868-ல் வெளிவந்த 'லிட்டில் விமன்' நாவல் அங்கே உண்டு. அப்பா போருக்குப் போய்விட, அம்மாவும் நான்கு மகள்களும் வறுமையில் குடும்பம் நடத்தும் கதை. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்நியமாகவே தெரியாது. இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் எழுதிய முதல் நாவல் 1811-ல் வந்தபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டார்கள். இன்று உலகமே அவர் பெயர் சொல்லிக் கேட்கிறது.

இரண்டு, அந்த முறையை நாம் எடுத்துக்கொள்வது. தமிழ்ப் பதிவு குறைவு என்றால் நாமே படிப்போம்! மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998 பொங்கலில் இருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல். ஆசிரியர் 1889-ல் காலமானார். எனவே அது பொதுச் சொத்து. பெண் கல்வி வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர் அவர். இந்த நாவலில் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். நடை கொஞ்சம் பழசு, கதைக்குள் கதை வரும். ஆனால் சத்தமாகப் படித்துக் கேட்டால் சிரிப்பும் வரும், ரோஷமும் வரும்.

குழுவில் எப்படிச் செய்யலாம்?

1. ஸ்மார்ட்போன் உள்ள ஒரு உறுப்பினரோ அவர் பிள்ளையோ இணையத்தில் லிப்ரிவாக்ஸ் என்று தேடலாம். கேட்பதற்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

2. சிறிய அளவுக் கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி. அளவு ஆகும். 10 மணி நேரப் புத்தகம் 300 எம்.பி.க்குள் அடங்கும். ஒருமுறை இறக்கி மெமரி கார்டில் வைத்துவிட்டால் பிறகு நெட் வேண்டாம். எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். சட்டப்படி தப்பு இல்லை.

3. தமிழ்க் கதைக்கு, நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைக் குழுவில் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் 20 நிமிடம் படிக்கட்டும். அதைப் போனிலேயே பதிவு செய்துவிட்டால், வர முடியாதவர்கள் பூ கட்டும்போதோ கீற்று முடையும்போதோ கேட்கலாம்.

4. அடுத்த கூட்டத்தில் கேட்ட கதையை ஒருவர் சொல்லட்டும். முடிந்தவரை எழுதத் தெரியாத உறுப்பினரையே சொல்லச் சொல்லுங்கள்.

5. ஒரு எச்சரிக்கை. இந்த இலவசப் புத்தகங்களுக்கு யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. கேட்டால் அது ஏமாற்று வேலை. உடனே மூடிவிடுங்கள். இதே பெயரில் மற்றவர்கள் செய்த செயலிகளில் விளம்பரமும் வரலாம், கவனம்.

வீட்டில் பார்வைக் குறை உள்ள பிள்ளை இருந்தால் 2016-ல் நம் நாட்டில் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தைப் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் விசாரியுங்கள். அச்சில் படிக்க முடியாதவர்களுக்காகவே அமைந்தது அது.

கேட்பது இருக்கிறதே, எழுத்து எதற்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் நமக்கு இனிமையாகப் படித்துக் காட்ட மாட்டார்கள். அதற்கு நம் கண்ணே வேண்டும். கேட்பது எழுத்துக்குப் போகும் வாசல்.

முதலில் சொன்ன அக்காவிடம் வருவோம். அடுத்த கூட்டத்தில், ப்ளஸ் டூ படிக்கும் அவர் பேத்தியையே ஞானாம்பாள் கதையைப் படிக்கச் சொன்னோம். அக்கா இலையும் தட்டுமாக உட்கார்ந்து கேட்டார். பாதியில் கை நின்றுவிட்டது. அதற்கடுத்த கூட்டத்துக்கு வராதவர்களுக்கு முழுக்கதையையும் அவரே சொன்னார். பேத்தி விட்டுவிட்ட ஒரு இடத்தைக்கூட நினைவு வைத்துச் சேர்த்துச் சொன்னார். கிளம்பும்போது எங்களிடம் மெல்லக் கேட்டார்: "அந்த ஞானாம்பா பேரு எப்படி எழுதுறது? ஒருக்கா எழுதிக் காட்டேன்."

அந்தப் பெயரை அவர் கையைப் பிடித்துத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். இப்போது தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் குழுவில் யார் படிக்கப் போகிறார்கள்? என்ன கதை? அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுங்கள். கூட்டமைப்புக்கும் எழுதுங்கள். வரும் இதழில் போடுவோம்.