‘காலி நிலம்’ என்ற ஒரு சொல்

2017 செப்டம்பர் 29, காலை நேரம். மும்பையில் பரேல் நிலையத்தையும் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலத்தில், மழைக்குப் பயந்து வெளியே இறங்காதவர்கள் படிக்கட்டிலேயே நின்றார்கள். அடுத்தடுத்த ரயில்களிலிருந்து இறங்கியவர்கள் பின்னாலிருந்து நெருக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். ரயில்வே விசாரணை மழையைக் காரணம் காட்டியது. மழை அன்று வந்தது; கூட்டம் பல வருடமாக வந்துகொண்டிருந்தது.

அந்தக் கூட்டம் எங்கிருந்து முளைத்தது என்று தேடினால், நில உபயோக விதி ஒன்றில் நுழைந்த ஒரு சொல்லில் போய் நிற்போம்.

பரேல், லால்பாக், வர்ளி எல்லாம் சேர்ந்த வட்டாரத்துக்கு மராட்டியில் கிரண்காவ் என்று பெயர், மில் ஊர். 58 பஞ்சாலைகள், சுமார் 600 ஏக்கர். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதன்பின் பல ஆலைகளில் சங்கு மறுபடி ஊதவே இல்லை. நகரத்தின் நடுவில் இவ்வளவு நிலம் சும்மா கிடந்தால் என்ன செய்வது? 1991இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 பதில் சொன்னது. ஆலை நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்றவற்றுக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு வீடுகளுக்காக வீட்டு வசதி வாரியத்துக்கு, மிச்சம் உரிமையாளருக்கு.

அந்த விதியை நம்பி முன்வந்த ஆலைகள் குறைவு. நிலத்தில் இவ்வளவு போய்விட்டால் தொழிலாளர் பாக்கியை எதை விற்றுத் தீர்ப்பது என்று முதலாளிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001இல் அரசு விதியைத் திருத்தியது. பங்கு விகிதத்தைப் பெரிதாகத் தொடவில்லை. எதைப் பங்கு போடுவது என்பதை மாற்றியது: மொத்த நிலத்தை அல்ல, ‘காலி நிலத்தை’ மட்டும்.

பத்து ஏக்கர் ஆலை ஒன்றில் எட்டு ஏக்கரைக் கூரைகள் மூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி பூங்காவுக்கு மூன்று ஏக்கருக்கு மேல் கிடைக்கும். திருத்தியபின் மீதி இரண்டு ஏக்கரில் மூன்றில் ஒன்று, அதாவது முக்கால் ஏக்கர்கூட இல்லை. கூரையை இடித்தால் அந்த எட்டு ஏக்கரும் வெட்டவெளிதானே என்று கேட்கத் தோன்றும். சட்டப்படி இல்லை, இடித்ததால் காலியான நிலம் ‘காலி நிலம்’ ஆகாது. திருத்தத்தை எதிர்த்த வழக்கில், 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் பொதுநலன் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 2001 திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதற்குள் விற்பனை தொடங்கிவிட்டது. 2005இல் மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகம், என்.டி.சி., மும்பை டெக்ஸ்டைல் மில்லை மட்டும் 702 கோடி ரூபாய்க்கு விற்றது. ஒவ்வொரு ஆலை மனையிலும் தனித்தனியாகக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. மனைகளை ஒன்றாகப் பார்த்து யாரும் சாலை போடவில்லை. அந்தக் கோபுரங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள்தான் நடைமேம்பாலத்துக் கூட்டம். அதே 2017 டிசம்பரில், முன்னாள் ஆலை வளாகமான கமலா மில்ஸில் மொட்டை மாடி உணவகங்கள் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள்.

இதெல்லாம் மும்பைக் கதை என்று கோயம்புத்தூர்க்காரர்கள் இருந்துவிட முடியாது. பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் என்று அங்கே நகருக்குள் இருக்கும் ஆலைகளும் அதே என்.டி.சி.யுடையவைதான். 2020 மார்ச் ஊரடங்கில் அவற்றின் எந்திரங்கள் நின்றன. இந்த நிலங்களுக்கு ஒருநாள் நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பம் வரலாம். தனி விதி ஏதும் இல்லாவிட்டால் பொதுவான கட்டட விதிதான் பொருந்தும்: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம். மும்பை முதலில் எழுதிவைத்தது 33 சதவீதம், அதுவும் மொத்த நிலத்தில், வீட்டு வசதிப் பங்கு தனி. அதையே அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. நாம் பேரத்தைப் பத்தில் தொடங்குகிறோம்.

வரைவு விதி வெளியாகும்போது பத்திரிகைகள் சதவீதத்தைத்தான் தலைப்பில் போடும். சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: ‘மொத்தப் பரப்பு’ என்று இருக்கிறதா, ‘மீதிப் பரப்பு’ என்று இருக்கிறதா? ஆட்சேபம் சொல்லத் தரும் நாட்களில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். கோயம்புத்தூர் ஆலைகளில் கூரைகள் இன்னும் நிற்கின்றன, எவ்வளவு நிலத்தை மூடியிருக்கின்றன என்பதை இன்றைக்கே அளந்துவிடலாம்.