கடலோரக் கல்லூரியும் வடசென்னைப் பெண்களும்

சென்னையில் பெண்களுக்கான அரசுக் கல்லூரி 1914 ஜூலையில் மெரினாவின் கேப்பர் இல்லத்தில் 37 மாணவியருடன் தொடங்கிற்று. 1917இல் அது இராணி மேரி கல்லூரியெனப் பெயர் பெற்றது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே அம்மையார். அருகே ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்புலட்சுமி பேணிவந்த இளம் விதவையர் சிலரும் அங்கு பயின்றனர். தொலைவிலிருந்து வருவோர்க்கு விடுதியே வழி. பெற்றோரைத் தயங்கச் செய்தது பாடமன்று, மகள் வெளியே தங்குவதே என்பது நம் கருத்து.

கடற்கரையின் மறுகோடியான திருவொற்றியூருக்கும் இராயபுரத்துக்கும் இத்தயக்கம் நெடுநாள் நீடித்திருக்க வேண்டும். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1964இல், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரியை அரசு நிறுவியது. துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் இல்லத்துப் பெண்கள் காலையில் சென்று மாலையில் வீடு திரும்பியே பட்டம் பெறுவது அதன்பின் எளிதாயிற்று.