தழைச்சத்தின் வரவு செலவு

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் வாழையும் தென்னையுமாகக் காட்சி தருகிறது. கொள்ளிடத்துக்கு அப்பால் லால்குடிப் பக்கத்து நெல் வயல்கள். இப்பசுமைக்கு ஆதாரமான சத்துக்களில் தலையாயது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அதைக் குடியானவர் யூரியாவாக வாங்குகிறார். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. அதில் பயிர் உண்பது எவ்வளவு? பால் கணக்கும் மளிகைக் கணக்கும் தவறாமல் எழுதும் நாம் இந்தக் கணக்கையும் சற்றுப் பார்க்கலாம்.

அளக்கும் முறை எளியதே. வயலில் ஒரு சிறு பாத்திக்கு வரப்பிட்டு, அதற்கு மட்டும் தழைச்சத்து இடாமல் விடுகிறார்கள். அறுவடையானதும் அங்கு விளைந்ததையும் உரமிட்ட இடத்தில் விளைந்ததையும், நெல் வேறு வைக்கோல் வேறாக உலர்த்தி நிறுத்து, அவற்றிலுள்ள நைட்ரஜனைச் சோதனைச் சாலையில் காண்கிறார்கள். டென்மார்க் தேசத்துக் கெல்டால் 1883-ல் வகுத்த முறை இதற்கு இன்றும் உதவுகிறது.

உதாரணமாக, ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து இட்ட பயிரில் 42 கிலோவும், இடாத பயிரில் 24 கிலோவும் இருப்பதாகக் கொள்வோம். உரத்தினால் வந்தது 18 கிலோ; நூற்றுக்கு 36. அந்த 24 கிலோவோ பூமாதேவியின் கொடை! நீர் தேங்கும் நெல் வயல்களில் பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 வரையே பயிருக்குச் சேருகிறது.

காவிரி டெல்டாவில் ஆடுதுறைப் பக்கத்து உழவர் வயல்களில் 1990-களின் பிற்பகுதியில் இத்தகைய பாத்திகள் அமைத்துப் பார்த்தார்கள். மண்ணின் கொடை வயலுக்கு வயல் வேறுபடுகிறது. ஆகவே எல்லா வயலுக்கும் ஒரே அளவு உரம் என்பது பொருந்தாது.

மிச்சம் எங்கே போயிற்று? ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குன்றும். எனவே இது கிணற்று நீர் பருகும் ஒவ்வொரு குடும்பத்தின் கணக்குமாகும்.

சோதனைச் சாலை எட்டாதவருக்கும் வழியுண்டு. பச்சை நிறத்தைப் படிப்படியாகக் காட்டும் இலை வண்ண அட்டை ஒன்று போதும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரந்தோறும், முழுதும் விரிந்த இளம் இலையை, வெயில் படாமல் நம் நிழலில் வைத்து அட்டையுடன் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் குறைந்தால் மட்டுமே உரம். பயிரின் பசியறிந்து பரிமாறினால் மூட்டையும் மிஞ்சும், கிணறும் பிழைக்கும்.