பழைய துவிச்சக்கரவண்டியை அறிந்து வாங்குதல்

மாடு வாங்கச் செல்பவர் அதன் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியை நோக்குவார், சிறிது தூரம் நடத்தி, கால் வைப்பைக் கவனிப்பார். ஆயின், பழைய துவிச்சக்கரவண்டி வாங்கச் செல்லும் பலர், புதிய வர்ணப் பூச்சையும் பளபளக்கும் மணியையும் கண்ட அளவிலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். வண்டிக்கும் பல் உண்டு, சுழி உண்டு. அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாறுவதில்லை.

கரம்பொன் போன்ற தீவகத்து ஊர்களில் இவ்வறிவு இன்றியமையாதது. ஊர்காவற்றுறைப் பகுதியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்லும் வீதி நாரந்தனை, சரவணை, வேலணை, அல்லைப்பிட்டி வழியாகச் சென்று பண்ணைப் பாலத்தை அடைகின்றது. தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத நிலம் சைக்கிளுக்கு உகந்ததே. ஆயினும் கடற்காற்று எதிர்த்து வீசும்போது வண்டியின் ஒவ்வொரு குறையும் காலில் உறைக்கும். அக்காற்றிற் கலந்துள்ள உப்போ இரும்பிற்குப் பகை.

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட காலத்தில், நெல் மூட்டையைச் சுமந்ததும் விறகை ஏற்றியதும் நோயாளரை மருத்துவமனை சேர்த்ததும் இவ்வண்டிகளே. அக்காலத்திற் புதிய உறுப்புகள் அரிதாயின. ஆகவே ஒரு வண்டியின் முன்கவையை மற்றொன்றிற் பூட்டினர். ஒன்றின் சில்லை இன்னொன்றுக்கு மாற்றினர். தீவகத்தவர் பலர் இடம்பெயர்ந்தபோது வீடுகளிற் கைவிடப்பட்ட வண்டிகள் மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்தன. இன்று விலைக்கு வரும் பழைய வண்டி, மூன்று வண்டிகள் சேர்ந்து ஒன்றானதாகவும் இருக்கலாம். அதனாற் குற்றமில்லை, ஆனால் வாங்குபவர் அதனை அறிந்து வாங்க வேண்டும்.

முதலில் வண்டியின் குலத்தை அறிதல் வேண்டும். முன்னெற்றியிலுள்ள சின்னத்தை மட்டும் நம்புதல் போதாது. அதனைக் கழற்றி வேறொன்றிற் பொருத்துவது எளிது. சங்கிலி ஓடும் பெரிய பற்சக்கரத்தை நோக்குக. நொட்டிங்ஹாம் நகரத்து றலி வண்டியின் பற்சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பர் வண்டியில் ஐந்து மனித உருவங்களைக் காணலாம். அதன் முன்கவையின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக அமைந்திருப்பது மற்றோர் அடையாளம். றட்ஜ் வண்டிக்கு உரியது விரித்த கை. பீ.எஸ்.ஏ. வண்டியில் அம்மூன்று எழுத்துக்களே பற்சக்கரத்தில் அமைந்திருக்கும். பற்சக்கரம் ஒரு குலத்தையும் முன்கவை வேறு குலத்தையும் காட்டுமாயின், அது கலப்பு வண்டி என்பது தெளிவு.

பெயர் ஒன்றாயினும் பிறப்பிடம் வேறாகலாம். ஹம்பர் 1932இலும், றட்ஜ் 1943இலும், பீ.எஸ்.ஏ.யின் சைக்கிட் பிரிவு 1957இலும் றலி நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1949இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ரீ.ஐ. சைக்கிள் நிறுவனம் ஹேர்குலிஸ் முதலிய ஆங்கிலப் பெயர்களிலேயே வண்டிகளைச் செய்தது. ஆகவே பெயரை மட்டும் கேட்டு, இங்கிலாந்து வண்டிக்குரிய விலையைக் கொடுத்தல் ஆகாது.

வயதை அறியவும் வழி உண்டு. பின்சில்லின் நடுக்குடம் ஸ்ரேர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கதி கொண்டதாயின், அதன் உடலில் ஆண்டும் மாதமும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 58 என்றும் 6 என்றும் இருப்பின், அது 1958ஆம் ஆண்டு ஆனி மாதத்தையொட்டிச் செய்யப்பட்டது என்பது பொருள். எனினும் அது சில்லின் வயதேயன்றி வண்டியின் வயது என்று முடிவுசெய்தல் கூடாது.

இனி உடற்பரிசோதனை. பிறேம் எனப்படும் உடற்சட்டமும் முன்கவையுமே வண்டியின் உயிர்நிலைகள். முன்கவை ஓடும்போது முறிந்தால் ஓட்டுபவர் முகங்குப்புற வீழ்வார். பின்னாற் பிள்ளையை ஏற்றியிருந்தால் இருவர்க்கும் ஆபத்து. வண்டியைப் பக்கவாட்டில் நின்று நோக்குக. கைபிடித் தண்டு செல்லும் நெற்றிக்குழாயும், அதன்கீழ் முன்கவையின் மேற்பகுதியும் ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். கவை பின்னோக்கி மடிந்திருந்தால் வண்டி எங்கோ மோதியுள்ளது. நெற்றிக்குழாயோடு மேற்பாரும் கீழ்ப்பாரும் சேருமிடத்தின் அடிப்புறத்தை விரலால் தடவுக; அங்கு சுருக்கமோ வெடிப்போ தென்படின், அவ்வண்டியை விட்டு விலகுதலே அறிவுடைமை.

சட்டம் கோணியுள்ளதா என அறிய ஒரு நூல் போதும். பின்சில்லின் அச்சு பொருந்தும் இடப்பக்க முனையில் நூலைக் கட்டி, முன்னே நெற்றிக்குழாயைச் சுற்றி, வலப்பக்க முனைக்குக் கொண்டுவந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். பின்னர், ஆசனத்தைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் இடையேயுள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினால் சட்டம் நேராக இல்லை.

அடுத்தது கறள். மேலே படிந்த செங்கறளைத் தேங்காயெண்ணெய்த் துணியாலும் துடைக்கலாம். அஞ்ச வேண்டியது உள்ளிருந்து அரிக்கும் கறளே. ஆசனத் தண்டினூடாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சுக் கூட்டிற் சென்று தேங்கும். எனவே அக்கூட்டின் அடியையும், அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் குழாய்களையும் நாணயத்தாற் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலிப்பது நல்ல இரும்பு; மந்தமாக ஒலிக்கும் இடம் ஐயத்திற்குரியது. புதிய வர்ணத்தின் கீழ்க் கொப்புளம் காணப்படினும் ஐயம் கொள்க. ஆசனத் தண்டு அசையாது இறுகியிருந்தால், அதனை விடுவிக்கும் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

ஏனைய உறுப்புகள் மாற்றக்கூடியன. பெடற் கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. சங்கிலியில் 24 இணைப்புகளை அளந்தால் 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் அது தேய்ந்தது. பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதுவும் மாற்றப்பட வேண்டியதே. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பழைய றலி வண்டியின் பெடல் அச்சுக் கிண்ணங்களில் அங்குலத்துக்கு 26 புரிகள் உண்டு; பிற ஆங்கில வண்டிகள் பெரும்பாலானவற்றில் 24 புரிகளே. கடையிற் கிடைக்கும் எல்லாக் கிண்ணமும் றலிக்குப் பொருந்தா. ஆகவே இருக்கும் கிண்ணங்கள் நல்லனவா என்பதை வாங்குமுன்னரே பார்த்துவிடுதல் நன்று.

இறுதியாக ஒன்று. ஆசனக் குழாயின் மேற்புறத்திலோ பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ சட்டத்தின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்விலக்கம் அராவி அழிக்கப்பட்டிருந்தால், விலை எத்துணை மலிவாயினும் அவ்வண்டி வேண்டாம். ஒருவர் இழந்த பொருளை மற்றொருவர் வாங்கி ஓட்டுவது நன்றன்று.

சட்டமும் கவையும் செம்மையாக உள்ள வண்டி, வர்ணம் உதிர்ந்து கிடப்பினும் பணத்திற்கு ஈடானது. அவை பழுதுற்ற வண்டி, பொன்முலாம் பூசப்பட்டிருப்பினும் பழைய இரும்பின் விலைக்கே உரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்து வாங்கப்படும் வண்டி, தந்தைக்குப் பின் மைந்தனுக்கும் உழைக்கும்.